அடிப் பெயிண்ட்

உத்திரமேரூர் பஜார் தெருவில் இருக்கிற எங்கள் ஹார்டுவேர் கடைக்கு வந்து யாரும் என்னை மலைக்க வைத்ததில்லை. சுவருக்கு டிஸ்டம்பர், கம்பிக் கதவுக்கு ரெட் ஆக்சைடு, பொங்கல் வந்தால் மாட்டுக் கொம்புக்கு எனாமல். எதைக் கேட்டாலும் எடுத்துப் போடுவேன். கல்லாவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அவர் வேலை. எது எந்த அலமாரியில் இருக்கிறது, எதில் எதைக் கலந்தால் திரிந்துபோகும், எந்த மேஸ்திரி பெயிண்டில் டின்னரைத் தண்ணீர் மாதிரி ஊற்றுவான் என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு சித்திரை மாத வெயிலில் வேதகிரி வந்து நின்று ஒரு சாமான் கேட்டான்.

"யக்கா, படகுக்கு அடியில பூசற பெயிண்டு வோணும். வெஷப் பெயிண்டு."

"எலிக்கு வெஷம் கீது. படகுக்கு இன்னாத்துக்குப்பா வெஷம்? உன் நெல்லு மூட்டையக் கடிச்சிடுச்சா?"

அவன் சிரிக்கவில்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாசி புடிக்குதுக்கா" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேதகிரியும் அவன் பெண்டாட்டி சிட்டம்மாளும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம் அவர்களுடையது. சுனாமியில் ஒரே பெண்ணைப் பறிகொடுத்தார்கள். ஜெயப்பிரியா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, கரையில் விளையாடப் போயிருந்தாள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சிட்டம்மாள் கடல் இருக்கிற திசைக்கே முகம் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாய் இருந்துவிட்டாள். அலைச் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் நான் செத்துப்போவேன் என்றாளாம். எங்கள் ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்த சுப்பிரமணிக்கு வலை போடத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இருவரும் வந்துவிட்டார்கள்.

சுனாமி நிவாரணத்தில் யாரோ கொடுத்த சின்ன ஃபைபர் படகையும் வேதகிரி லாரியில் ஏற்றி வந்தான். அதுவரை எங்கள் ஏரியில் தெர்மோகோல் பலகை மேல் குந்திக்கொண்டுதான் வலை போடுவார்கள். படகைப் பார்க்க மதகுக்கு ஊரே போனது. நானும் போனேன். என் வீட்டுக்காரர் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார், அங்கேயும் உட்கார்ந்துதான் பார்த்தார்.

சிட்டம்மாள் எங்கள் கடைக்கு எதிரில்தான் அன்னக்கூடையில் கெண்டையும் விராலும் வைத்து விற்பாள். வெயில் ஏறினால் என் கடைக்குள் வந்து ஃபேனுக்கு அடியில் தரையில் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். நான்தான் பேசுவேன், எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பெண் பிள்ளைகள் தெருவில் போகிற நேரம் மட்டும் நானும் வாயை மூடிக்கொள்வேன். அவள் மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

சரி, பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியாத சாமான் என்று ஒன்று இருப்பது எனக்குப் பிடிக்காது. ராயபுரத்தில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற சுகுமாருக்குப் போன் போட்டேன்.

"ஆண்டாளம்மா, உத்திரமேரூர்ல ஏது கடலு?" என்று அவன் சிரித்தான்.

"ஏரி கீதுடா. படகு கீது. பாசி புடிக்குதாம்."

"பாசிக்கு இத்தப் போயி யாராவது அடிப்பாங்களா? எனாமல் அடிச்சிட்டு, மாசத்துக்கு ஒரு தபா தேங்கா நாரால தேய்ச்சா போவுது. இது உப்புத்தண்ணி சமாச்சாரம். கொட்டலசுன்னு ஒண்ணு கீது. வெள்ளையா, கல்லாட்டம், சின்ன சிப்பி. கடல் தண்ணில கட்டிப்போட்ட படகோட அடியில ஒட்டிக்கினா உடவே உடாது. அடி பூரா மொளச்சி, படகு நவுராது, என்ஜின் எண்ணெயக் குடிக்கும். இந்தப் பெயிண்டுல தாமிர வெஷம் கீது. கொஞ்சங்கொஞ்சமா தண்ணில கரைஞ்சிக்கினே இருக்கும். கிட்ட வர்ற குஞ்சு ஒட்டறதுக்கு முன்னாடியே செத்துடும்."

"மாடு தண்ணி குடிக்கற ஏரிடா இது."

"அதான் சொல்றேன், ஏரிக்கு வேணாம். இதுலயும் ரெண்டு தினுசு. ஒண்ணு கெட்டியா நிக்கும், படகக் கரைல ஏத்தி எறக்கறவங்களுக்கு. இன்னொண்ணு கரைஞ்சிக்கினே போவும், படகு எப்பவும் தண்ணிலயே நிக்கணும். அடிச்சி மறுநா, அதுக்கு மறுநா எறக்கிடணும், வெயில்ல காஞ்சிதுன்னா வெஷம் செத்துப்பூடும், அடிச்சதே தண்டம். உன் ஆள் கிட்ட கேட்டுச் சொல்லு. படகு கடல்ல நிக்கப்போவுதா, ஏரிலயா?"

மறுநாள் வேதகிரி வந்ததும் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டேன். என் வீட்டுக்காரர்கூடப் பேப்பரை மடித்து வைத்தார். வேதகிரி வாசலைத் திரும்பிப் பார்த்தான். எதிரில் சிட்டம்மாள் யாருக்கோ மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடலுக்கா" என்றான், மெதுவாக. "கரைஞ்சிக்கினு போற தினுசே வாங்குக்கா. கரையில இழுத்துப் போட எனக்கு ஆளு கெடையாது, ஒண்டியாளு. முகத்துவாரத்துலதான் கட்டிப் போடணும்."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"சொல்லணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்ப சொல்லுவ? லாரி ஏத்துனதுக்கு அப்புறமா? அவ கடல் பக்கமே தலை வச்சிப் படுக்க மாட்டேங்கறா. அவளுக்கோசரம்தானேய்யா இங்க வந்த?"

"வந்தேன்க்கா. ரெண்டு வருசத்துக்கு மேல இருந்து பாத்துட்டேன். எம்பொண்ணு அங்க கீறா. அத்தத் தனியா வுட்டுட்டு நா இங்க வந்து ஏரி மீனு புடிச்சிக்கினு கீறேன். ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குது. அந்தத் தண்ணி மேல போயி ஒக்காந்தாப் போதும். இவ வந்தா வரட்டும், வராட்டி வாரத்துக்கு ஒரு நாளு நா வந்து பாத்துக்கினு போறேன். வேற வழி தெரியலக்கா."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. எந்தக் காரணத்துக்காக அவள் கடலைப் பார்க்க மாட்டேன் என்கிறாளோ, அதே காரணத்துக்காக இவன் போகிறேன் என்கிறான். யாரைக் குற்றம் சொல்வது? சீக்கிரம் அவளிடம் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு சுகுமாருக்குப் போன் போட்டேன்.

பார்சல் ஆபீஸிலிருந்து டப்பா வந்தது. நாலு லிட்டர்தான், ஆனால் தூக்கினால் கை கீழே இழுத்தது. எனாமல் டப்பாவைப் போல இரண்டு மடங்கு கனம். தாமிரம் அடியில் வண்டலாய்ப் படிந்திருக்கும், கட்டை விட்டு ஆழமாகக் கிண்டவேண்டும், டின்னரை அதிகம் ஊற்றக்கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று சுகுமார் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். வேதகிரி தலையாட்டினான். முன்னே சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளில் கூலிக்குப் பத்து வருஷம் இதைப் பூசியவனாம். அதைச் சொல்லாமல் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றான், மரியாதை தெரிந்தவன்.

ஏரி வற்றி, கரையோரம் விரிசல் விட்டுக் கிடந்தது. சுப்பிரமணியின் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து படகைக் கவிழ்த்து, வேப்பமரத்து நிழலில் பழைய டயர்கள் மேல் வைத்துக் கொடுத்தார்கள். கோடைக்குப் படகைச் சீர்செய்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிட்டம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். அவன் ஃபைபரின் வழவழப்புப் போக வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தான், கழுவிக் காயவைத்தான், ஒரு கை பிரைமர் அடித்தான். மறுநாள் சாயங்காலம் லாரி வரச் சொல்லியிருப்பதாகக் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். சிட்டம்மாள் கூடையை அப்படியே விட்டுவிட்டு என் கடைக்குள் வந்தாள். மீன் மேல் ஈ மொய்த்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"யக்கா, நாஷ்டா குடுக்கப் போனேன். மரத்தாண்ட கூடப் போவல, தூரத்துலயே பாத்துட்டேன். கையெல்லாம் செவப்பா கீது அவருக்கு. அது இன்னா பெயிண்டுன்னு எனக்குத் தெரியும். காசிமேட்டுல இவுரு லுங்கில நா எத்தினி தபா தொவைச்சிக்கீறேன். ஏரில வுடற படகுக்கு அத்த யாரும் பூச மாட்டாங்க."

 டப்பா என் கடையிலிருந்து போனதா என்று அவள் கேட்கவில்லை.

"கூட வாக்கா" என்றாள்.

வீட்டுக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளோடு நடந்தேன்.  மண்ணை வாரித் தூற்றுவாளா, மயக்கம் போட்டு விழுவாளா, அவன் பிரஷ்ஷைப் பிடுங்கி எறிவாளா என்று நினைத்துக்கொண்டே போனேன். 

படகின் ஒரு பக்கம் பாதிக்கு மேல் பூசியாகியிருந்தது. ஈரச் சிவப்பு. எங்களைப் பார்த்ததும் வேதகிரி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே நின்றான். திட்டு வாங்கத் தயாராக நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான் பாவி.

"போறியா?" என்றாள்.

"போறேன்."

"எப்ப?"

"சாயங்காலம் லாரி வருது. சொல்லணும்னுதான்..."

"சரி, போ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனுக்கும்தான். அவள் படகுக்குக் கிட்டே போனாள். தொடவில்லை. குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"எதுக்குப் போற? மீனு புடிக்கவா?"

அவன் குனிந்து கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான். பிறகு, "உனுக்குத் தெரியாதா? அவ அங்க கீறா சிட்டு" என்றான்.

"அவ அந்தத் தண்ணில கீறான்னு நீ நம்பற."

"நம்பறேன்."

"நானும்தான் நம்பறேன். அதான் என்னால அந்தத் தண்ணியப் பாக்க முடியல." அவள் குரல் உயரவே இல்லை. "அப்போ, அவ கீற தண்ணிக்குள்ள இந்த வெஷத்த எப்பிடிய்யா எறக்குவ? கிட்ட வர்றதெல்லாம் செத்துடும்னு நீதான என்கிட்ட சொன்ன, காசிமேட்டுல இருக்கசொல்ல? கரைஞ்சிக்கினே இருக்கும்னு சொன்ன. நீ கட்டிப்போட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவ. ராத்திரி பூரா அது கரைஞ்சிக்கினு கெடக்கும். எம்பொண்ணு கெடக்கற தண்ணில. போறதுன்னா போய்யா. நா தடுக்கல. இத்த எடுத்துக்கினு போவாத."

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கடல் எவ்வளவு பெரிசு, ஒரு படகுப் பெயிண்ட் அதில் எந்த மூலைக்கு, காசிமேட்டில் எத்தனை நூறு படகுகளில் இதைப் பூசுகிறார்கள் என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். ஆனால் அவளுக்கு அந்தக் கடல் பெரிசு இல்லை, ஒரு பிள்ளை படுத்திருக்கிற இடம்தான் அது. பத்து வருஷம் அதைப் பூசியவனும் பிரஷ்ஷை டப்பா மேல் குறுக்கே வைத்துவிட்டான்.

வேதகிரி அப்படியே தரையில் உட்கார்ந்தான். முகத்தைக் கையால் மூடப் போனவன், கையில் பெயிண்ட் இருப்பதைப் பார்த்து, மூட முடியாமல் எங்கள் எதிரிலேயே அழுதான். சிட்டம்மாள் பக்கத்தில் போய் அவன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கடைக்கு ஆள் அனுப்பி டின்னர் கேனும் வேஸ்ட் துணியும் வரவழைத்தேன். பெயிண்ட் ஈரமாக இருந்ததால் துடைக்க வந்தது. மூன்று பேரும் துடைத்தோம். மதியச் சாப்பாடு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சிவப்புத் துணிகளை எங்கே போடுவது என்று எனக்குக் குழப்பம். ஏரிக்கரையில் புதைக்கக்கூடாது என்று சிட்டம்மாள் சொன்னாள், மாடு வாய் வைக்கும் என்றாள். மூட்டையாகக் கட்டி என் குடோனுக்கு எடுத்துப் போனேன். மிச்ச டப்பாவும் அங்கேதான் போனது.

சாயங்காலம் லாரி வந்தது. அடியில் வெறும் வெள்ளைப் பிரைமரோடு படகு ஏறியது. சிட்டம்மாள் ஒரு தூக்கில் சோறும் மீன் குழம்பும் கட்டிக் கொடுத்தாள். லாரி கிளம்பும்போது அவள் பார்க்கவில்லை, மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின கூடையையே மறுபடியும் கழுவினாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு நாள் வேதகிரி பஸ்ஸில் வந்து போனான். முதல் தடவை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்றான். ஆனால் போகப் போக அவன் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. முகத்துவாரத்துத் தண்ணீரில் பெயிண்ட் இல்லாத அடியில் கொட்டலசு சும்மா இருக்குமா? சுகுமார் சொன்னது சரியாக நடந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துப் படகை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டு, கையில் கிடைத்த மீன் கத்தியால் அதைப் பெயர்த்து எடுக்கிறானாம். ஒவ்வொரு சிப்பியின் விளிம்பும் பிளேடாம். உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் புதுக்கீறல், பழைய கீறல், உப்புத் தண்ணீரில் ஆறாமல் வெளுத்துப்போன கீறல்.

"வலிக்கலியாப்பா?" என்று கேட்டேன்.

"வலிக்குதுக்கா" என்று சிரித்தான். "அடுத்த பக்கம் சொரண்டி முடிக்கறதுக்குள்ள மொதப் பக்கம் மொளச்சிடுது."

அன்றைக்கு அவனைக் கடை வாசற்படியில் உட்காரவைத்து, அவன் கையைத் தன் மடியில் வைத்து, ஊக்கால் சிப்பித் துண்டு ஒன்றை எடுத்தாள் சிட்டம்மாள். எடுத்ததும் அதைத் தூக்கி எறியவில்லை. விரல் நுனியில் வைத்து, இரண்டரை வருஷம் கழித்துக் கடலிலிருந்து அவளிடம் வந்த முதல் பொருளை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டாள். மஞ்சளைக் குழைத்து அவன் கையில் அப்பினாள். அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்து மீன் விற்றாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவன் வரவேண்டிய நாளுக்கு முன்பாகவே, காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அவள் வாசலில் நின்றாள். அன்னக்கூடை இல்லை. தோளில் ஒரு துணிப்பை, புடவை எல்லாம் உள்ளே அடைத்தது.

"யக்கா, சுவத்துக்குப் பட்டி பாக்கற தகடு கீதுல்ல, மரப்பிடி போட்டது? கெட்டியானதா ரெண்டு குடு. கையுறையும் ரெண்டு ஜோடி."

"அவனுக்கு ஒண்ணு போதுமேடி?"

"அவரு ஒரு பக்கம் சொரண்டுவாரு, நா ஒரு பக்கம்."

நான் தகடு இருக்கிற அலமாரிப் பக்கம் திரும்பினேன். அவளே பேசினாள்.

"வெஷம் பூசாதன்னு சொன்னவ நானு. கைய அறுத்துக்கறது அவரு. நா இங்க ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கினு கீறேன். அது ஞாயமாக்கா?"

"கடலாண்ட உன்னால இருக்க முடியுமா?"

"தெரிலக்கா. அலை சத்தத்துக்குக் காதுல பஞ்சு வச்சிப்பேன். தண்ணியப் பாக்க மாட்டேன், படகோட அடியத்தான் பாத்துக்கினு ஒக்காந்துப்பேன். முடியாட்டி அழுதுட்டுப் போறேன். இங்க மட்டும் இன்னா சிரிச்சிக்கினா இருந்தேன்?"

இருக்கிறதிலேயே நல்ல தகடாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். முனை பைக்குள் குத்தாமல் இருக்கப் பேப்பரில் சுற்றினேன், என் வீட்டுக்காரர் அன்றைக்குப் படிக்காத பேப்பரை அவரே எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். செங்கல்பட்டு பஸ் நின்றிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  இறங்கிவிடுவாள் என்று பஸ் கிளம்பும்வரை நினைத்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை.

கடைக்குத் திரும்பினேன். எதிரில் அவள் உட்காருகிற இடத்தை யாரோ கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

"எங்க போறா அவ?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பொண்ணு கிட்ட" என்றேன்.